மட்டாஞ்சேரி நாற்பத்தொன்று

பெயர் எழுதாத குழாய் என் கண்ணில் பட்டால் அதற்கு அன்றைக்கே சாவு. முப்பத்தொரு வருஷமாக இதுதான் என் சட்டம். எங்கள் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வருகிற பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்த முதல் வாரத்திலேயே இதற்காக ஒருமுறையாவது என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை மறைத்து வைக்கிற பழக்கமும் கிடையாது.

பஜார் ரோட்டுக்குப் பின்னால், முன்பு சுக்கு மூட்டை அடுக்கிவைத்திருந்த ஒரு கட்டிடத்தில்தான் எங்கள் கூடம். மண்ணில் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத உயிர்களை அங்கே ஆராய்கிறார்கள். படித்தவர்கள் ஆராய்வார்கள், குழாய் கழுவுவது, கொதிக்கவைப்பது, எடுத்து அடுக்குவது என் வேலை. அவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், நான் மட்டும் அங்கேயே இருப்பேன். அதனால் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. திருப்பூணித்துறையில் என் மனைவி அம்முவைக் கேட்டால், கொஞ்சம் இல்லை, நிறைய என்பாள்.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் பூஜை வைப்பு. இங்கே நவராத்திரியில் புத்தகத்தையும் கருவிகளையும் சரஸ்வதி முன்னால் வைத்துவிட்டால், விஜயதசமி காலையில் எடுக்கிறவரை தொடக் கூடாது, படிக்கவும் கூடாது. எங்கள் கூடத்தில் அந்தப் பூஜையை ஆரம்பித்துவைத்ததே நான்தான். அதற்கு முன்னால் கூடம் முழுவதையும் துடைத்து, ஃப்ரிட்ஜைக் காலி பண்ணிக் கழுவுவதும் நான்தான். அன்றைக்குக் காலையிலிருந்து அந்த வேலையில் இருந்தேன். மற்றவர்கள் எல்லோரும் லீவில் போய்விட்டார்கள்.

ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில் ஒரு கம்பிச் சட்டத்தில் பதினாறு குழாய்கள். மேலே உறைபனிப் பெட்டியில் அதேபோல இன்னும் நாலு சின்னக் குழாய்கள். ஒன்றிலும் பெயர் இல்லை. திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் எடுத்து ஆட்டோகிளேவில் போட்டேன். அது நம் பிரஷர் குக்கருக்கு அண்ணன். பதினைந்து நிமிஷ ஆவியில் எதுவும் மிஞ்சாது. பிறகு குழாய்களைக் கழுவிக் கவிழ்த்தேன். மைக்ரோஸ்கோப்புக்கும் பர்னருக்கும் சந்தனம் வைத்து, படத்துக்கு முன்னால் வரிசையாக வைத்து, கற்பூரம் காட்டினேன். மனசுக்கு நிறைவாக இருந்தது.

ஐந்தரை மணிக்கு ஷபானா ஃபோன் பண்ணினாள். கூடத்தில் நாலு வருஷமாக ஆராய்ச்சி செய்கிற பெண். பாலக்காட்டு ராவுத்தர் குடும்பம், வீட்டில் தமிழ். இப்போது அம்மாவோடு மட்டாஞ்சேரியில்தான் இருக்கிறாள். மாமன் மகள் கல்யாணத்துக்கு அவள் மட்டும் பாலக்காடு போயிருந்தாள்.

"வெங்கிட்டு மாமா, பூஜைக்கு வெச்சாச்சா? என் நோட்டும் வெச்சீங்களா?"

"வெச்சாச்சு."

"ஃப்ரிட்ஜுல கீழ்த் தட்டுல கம்பிச் சட்டம் இருக்கு பாருங்க, அதுல இருக்கற பதினாறும் நாப்பத்தொண்ணு. ஈரத்துல டேப்பு கழண்டு கழண்டு வருது. வந்து புதுசா ஒட்டறேன். அத மட்டும் அனக்கண்ட, தொடவே தொடாதீங்க. வியாழக்கிழம காலைல வந்து பார்சல் பண்ணி அனுப்பிடணும்."

"ஆங்," என்றேன்.

"மேல நாலு சின்னதும் இருக்கு. அதுவும்தான்."

"ஆங்."

ஃபோனை வைத்துவிட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டைக் கையால் தடவினேன். தட்டின் அடியில் மூன்று விரற்கடை நீளத்துக்கு ஒரு டேப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. ஷபானாவின் கையெழுத்தில் 'ம-41' என்று இருந்தது. அதை உரித்துக் கையில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். கவிழ்த்துவைத்த குழாய்கள் வெயில் பட்டுப் பளபளவென்று இருந்தன.

நாற்பத்தொன்று என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பயறு, உளுந்து, கடலை மாதிரிச் செடிகளின் வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். பிடுங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதற்குள் பாக்டீரியா குடியிருக்கிறது. செடி அதற்குச் சர்க்கரை கொடுக்கும். அது காற்றில் சும்மா கிடக்கிற நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உரமாக்கிக் கொடுக்கும். யூரியா மூட்டை இல்லாமலே செடி வளரும். ஆனால் மண்ணில் உப்பு ஏறிவிட்டால் இந்தக் கூட்டு நடக்காது; பாக்டீரியா சோர்ந்துவிடும், செடி மஞ்சளாகும். மட்டாஞ்சேரியில் பாதிக் கிணறு உப்புதான். படகுத்துறைக்குப் பக்கத்தில், உப்பு வெள்ளம் ஏறி இறங்குகிற சேற்றில், ஒரு காட்டுப் பயறு மட்டும் கரும்பச்சையாகப் படர்ந்து கிடந்தது. ஷபானா அந்தச் செடிகளைத் தோண்டித் தோண்டி, முடிச்சு முடிச்சாக நசுக்கிப் பார்த்து, நாற்பத்தொன்றாவது தடவை பிடித்ததுதான் இது. வாயில் வைக்க முடியாத உப்பிலும் வளரும். நாம் காய்கறியாகச் சமைக்கிற அச்சிங்காய்ப் பயற்றின் வேரிலும் போய் ஒட்டிக்கொள்ளும்.

அதை உயிரோடு நுண்ணுயிர்ச் சேமிப்பு நிலையத்துக்கு அனுப்பி எண் வாங்கினால்தான் அவளுடைய தீசிஸை ஏற்பார்கள். மாசக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். படகுத்துறையில் அந்தக் காட்டுப் பயறு கிடந்த இடத்தில் இப்போது கான்கிரீட் போட்டுவிட்டார்கள். நாலு வருஷ உழைப்பை நான் பதினைந்து நிமிஷத்தில் வேகவைத்திருந்தேன்.

உடனே ஃபோன் பண்ணிச் சொல்லியிருக்க வேண்டும். மூன்று தடவை எண்ணை எடுத்து மூன்று தடவையும் வைத்துவிட்டேன். அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகப்போகிறேன். வெங்கிட்டு கைபட்டால் ஒன்றும் தப்பாது என்று டைரக்டர் முதல் வாட்ச்மேன் வரை சொல்லிக் கேட்டுப் பழகிவிட்டவன் நான். இப்போது ஒரு சின்னப் பெண்ணிடம் போய் என்னவென்று சொல்வது? பயந்தேன், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தும் உட்கார முடியவில்லை.

"என்னன்னா, சாதத்தப் பெசஞ்சுண்டே இருக்கேள்? வாய்க்கு வரதா இல்லையா?" என்றாள் அம்மு.

"பசிக்கல்லே."

"பின்னே எதுக்குப் போட்டுக்கணும்?"

அப்போதுதான் இசக்கிசெல்வியின் ஞாபகம் வந்தது. சட்டென்று எழுந்துவிட்டேன். ஜூலையில் அவள் வீட்டு மொட்டை மாடியில் ஷபானா பன்னிரண்டு குரோ பேக்கில் பயறு போட்டிருந்தாள். ஆறு பையில் நாற்பத்தொன்று பூசிய விதை, ஆறு பையில் சும்மா விதை. கஞ்சி காய்ச்சி, நாற்பத்தொன்று கலந்த கரிப்பொடியைக் குழைத்து, விதையில் பூசி நிழலில் காயவைத்துக் கொடுத்ததே நான்தான். செடி இருந்தால் வேர் இருக்கும். வேர் இருந்தால் முடிச்சு இருக்கும். முடிச்சுக்குள் அது உயிரோடு இருக்கும்.

செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்தேன். இசக்கிசெல்வி திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. இஞ்சி கோடவுனில் தரம் பிரிக்கிற வேலை. புருஷன் ஆனந்தகுமார் கொத்தனார். ஒரு பழைய கட்டிடத்தின் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறார்கள். நான் மூச்சு வாங்க ஏறிப்போனபோது அவள் மொட்டை மாடியைத் தென்னந்துடைப்பத்தால் கழுவிக்கொண்டிருந்தாள். மாடி துப்புரவாக இருந்தது. ஒரு செடியும் இல்லை.

"வாங்க சாமி. லீவுல்லா இன்னைக்கு?"

"செடி எங்க?"

"நேத்தே அறுத்துட்டேன். காய்ப்பு முடிஞ்சு போச்சுல்லா. நாளைக்கு ஆயுத பூச, இவுக கரணை, ரசமட்டமெல்லாம் இங்கதான் வச்சுக் கும்புடணும்னு சொன்னாவ. கொடியெல்லாம் கீழ ஆட்டுக்குப் போட்டாச்சு."

எனக்கு ஆட்டின் மேலேயே கோபம் வந்தது.

"வேரு? வேரையும் பிடுங்கிட்டியா?"

"எதுக்குப் பிடுங்குதேன்? வேரு மண்ணுக்குள்ளயே கெடக்கட்டும், அடுத்த செடிக்கு உரம்னு ஷபானாக்கா சொல்லிருக்காவளே. அந்தா மூலைல இருக்கு பாருங்க."

மூலையில் ஒரு மண் குவியல் இருந்தது. பையைக் கழுவிக் காயப்போடுவதற்காகப் பன்னிரண்டு பை மண்ணையும் ஒரே இடத்தில் கொட்டியிருந்தாள். நாற்பத்தொன்று இருந்த ஆறும் இல்லாத ஆறும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. அவளைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நானும் பூஜைக்குத்தான் சுத்தம் பண்ணினேன்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பருத்த வேராகப் பார்த்துப் பொறுக்கினேன். மாடிக்கு விட்டது கிணற்றின் உப்புத் தண்ணீர்தான். லாரித் தண்ணீர் குடிக்கவே போதாது. அந்த உப்பில் நன்றாக வளர்ந்த செடி என்றால் அதில் நாற்பத்தொன்று இருந்திருக்க வேண்டும் என்பது என் கணக்கு. கணக்குதான், நிச்சயம் இல்லை. மண்ணில் ஏற்கெனவே இருக்கிற வேறு ஜாதிகளும் முடிச்சுப் போடும்.

ஒவ்வொரு முடிச்சாக நகத்தால் பிளந்தேன். வேலை செய்கிற முடிச்சு உள்ளே கொய்யாப்பழம் போலச் சிவந்திருக்கும். செடி காய்த்து ஓய்ந்துவிட்டால் அந்தச் சிவப்பு போய்ப் பச்சையாகி, பழுப்பாகி, கடைசியில் வெறும் தோலாகிவிடும். முதல் இருபதும் தோல்தான். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. இசக்கிசெல்வி துடைப்பத்தோடு நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாயா போடட்டா சாமி?"

"வேண்டாம்."

"என்னத்தத் தேடுதீய?"

அடுத்த வேரை எடுத்தேன். ஒரு வேரின் அடியில், ஈரமாக இருந்த இடத்தில், ஒன்று சிவப்பாக இருந்தது. அதே வேரில் பிளக்காமல் தொட்டுப் பார்த்தபோது இன்னும் சில கெட்டியாக இருந்தன. மொத்தம் பதினொன்று. ஈரத்துணியில் சுற்றிக்கொண்டேன். எழுந்தபோது முட்டி இரண்டும் பிடித்துக்கொண்டுவிட்டன.

"ஷபானாகிட்ட நான் வந்ததச் சொல்ல வேண்டாம், கேட்டியா?" என்றேன்.

"ஏன் சாமி?"

"சும்மாத்தான். லீவுல இருக்கா, எதுக்கு தொந்தரவு."

அவள் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் இறங்கி வந்துவிட்டேன்.

கூடத்தைத் திறந்தால் சந்தன வாசனை. எல்லாக் கருவியும் பூஜையில் இருந்தது. போன வருஷம் ஒரு பையன் பூஜை வைத்த பேனாவை எடுத்துவிட்டான் என்று அரை மணி நேரம் கத்தியவன் நான். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு பர்னரை எடுத்தேன். அதிலிருந்த பொட்டைத் துடைக்க மனசு வரவில்லை. அப்படியே பற்றவைத்தேன்.

ஷபானாவின் நோட்டையும் எடுத்துப் படித்தேன். நாற்பத்தொன்று எந்த வளர்ப்புத் தட்டில் எத்தனை நாளில் வளரும் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. சாதாரணத் தட்டில் இரண்டு நாள், உப்புக் கலந்த தட்டில் நாலு நாள் என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே, 'இன்று உப்பில் வளர்ந்தது. உம்மாவிடம் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் பாயசம் வைத்தார்' என்று இருந்தது. மேலே படிக்காமல் மூடினேன்.

அலமாரியில் தட்டுகள் இருந்தன, பெயர் எழுதி ஒட்டியிருந்ததால் நான் தொடாமல் விட்டவை. முடிச்சுகளை ஸ்பிரிட்டில் முக்கி, ப்ளீச்சில் போட்டு, சுத்தத் தண்ணீரில் ஐந்து தரம் அலசி, கண்ணாடிக் குச்சியால் நசுக்கினேன். அந்தப் பால் போன்ற சாற்றைச் சாதாரணத் தட்டு மூன்றிலும் உப்புத் தட்டு மூன்றிலும் கம்பியால் கோடு கோடாக இழுத்தேன். மற்றவர்களுக்காக ஆயிரம் தடவை எல்லாம் எடுத்துவைத்துக் கொடுத்திருக்கிறேன். நானே இழுத்தது அன்றைக்குத்தான்.

புதன்கிழமை எப்படிப் போயிற்று என்று கேட்காதீர்கள். வீட்டில் பூஜை, சுண்டல், வருகிறவர்கள், போகிறவர்கள். நான் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தேன். பகலில் இரண்டு தடவை பஸ் ஏறி மட்டாஞ்சேரி போய் வந்தேன். முதல் தடவை தட்டில் ஒன்றும் இல்லை. இரண்டாவது தடவை சாதாரணத் தட்டில் மங்கலாக ஏதோ தெரிந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் தெரிந்தது, இறக்கினால் தெரியவில்லை. ஃபோன் அடிக்கும்போதெல்லாம் ஷபானாவோ என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். ஆனால் அவள் கூப்பிடவே இல்லை. தினமும் எதையாவது கேட்டுக் கூப்பிடுகிற பெண். அதை நான் என் நல்லநேரம் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை விஜயதசமி. ஏழு மணிக்குக் கூடத்தில் இருந்தேன். சாதாரணத் தட்டு மூன்றிலும் வளர்ந்திருந்தது. வட்டமாக, பசைபோல, எச்சில் துளி மாதிரி மினுமினுவென்று. நாற்பத்தொன்று பார்ப்பதற்கு அப்படித்தான் இருக்கும். இந்த வகையில் முக்கால்வாசியும் அப்படித்தான் இருக்கும். உப்புத் தட்டுகள் மூன்றும் துடைத்துவைத்தது போல இருந்தன.

நாலு நாள் ஆக வேண்டும். இரண்டு நாள்தான் ஆகியிருக்கிறது. அவள் எட்டு மணிக்கு வந்துவிடுவாள்.

ஒரு புதுக் குழாயை எடுத்தேன். அந்த மினுமினுப்பிலிருந்து ஒரு துளி தொட்டுக் குழாயில் இழுத்தேன். டேப்பு வெட்டி, அதில் 'ம-41' என்று எழுதி ஒட்டினேன். என் கையெழுத்து கோணலாக இருந்தது, ஆனால் படிக்க முடிந்தது. இப்படியே கொடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அதுவாகவே இருக்கலாம். இல்லாவிட்டால் அது எத்தனையோ மாசம் கழித்து யாராவது உப்பில் வைத்துப் பார்க்கும்போது தெரியவரும். அப்போது நான் ரிட்டயர் ஆகியிருப்பேன். மாட்டிக்கொள்வது அவளாக இருக்கும். இதையெல்லாம் தெரிந்துதான் ஒட்டினேன்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம். ஷபானா உள்ளே வந்தாள். ஊரிலிருந்து ரயிலில் வந்த களைப்பு, கண் சிவந்திருந்தது. தோளில் பை, கையில் ஈரமாக ஒரு சாக்குப் பொட்டலம்.

"மாமா, குழாய்?"

குழாயைக் கையில் எடுத்தேன். அவள் கையை நீட்டினாள். ஒரு அடி தூரம்தான். அந்த ஒரு அடியில் என்னால் முடியவில்லை. நகத்தால் சுரண்டி டேப்பைப் பிய்த்தேன்.

"ஷபானா, நாப்பத்தொண்ணு இல்லே. நான் கொன்னுட்டேன். திங்கக்கிழமை, பேரு இல்லேன்னு, பதினாறையும் மேல இருந்த நாலையும் ஆட்டோகிளேவ்ல போட்டேன். நீ ஃபோன் பண்ணப்பவே தெரியும். சொல்லல்லே. இது இசக்கிசெல்வி மாடியிலேர்ந்து எடுத்தது. இது அதுவான்னு எனக்குத் தெரியாது."

அவள் ஆச்சரியப்படவில்லை. பையைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"நீங்க போன அன்னைக்கே இசக்கி ஃபோன் பண்ணிட்டா. சாமி வந்து வேரெல்லாம் நோண்டிட்டுப் போறார், உங்ககிட்ட சொல்லக் கூடாதுங்கறார், என்னக்கா விஷயம்னு. அப்பவே புரிஞ்சுபோச்சு."

"அப்போ ஏன் என்னைக் கூப்பிடல்லே?"

"நீங்க கூப்பிடுவீங்கன்னு இருந்தேன். கல்யாண வீட்டுல எல்லாரும் பிரியாணி தின்னுட்டிருக்காங்க, நான் ஃபோனைக் கையில வெச்சுக்கிட்டு முற்றத்துல நடந்துட்டிருந்தேன். ரெண்டு நாள், மாமா."

பிய்த்த டேப்பை உருட்டிச் சட்டைப்பையில் போட்டேன்.

அவள் சாக்குப் பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே முழுசாக ஒரு பயற்றஞ்செடி, பச்சை இலையோடு, வேர் முழுக்க மண்ணோடு. வேரில் முடிச்சுகள் கொத்துக்கொத்தாக இருந்தன.

"எங்க வீட்டு மாடியில ரெண்டு பை வெச்சிருந்தேன், வர்ற வழியில வீட்டுக்குப் போய் எடுத்தேன். கொதிக்கவெச்ச மண்ணு, நாப்பத்தொண்ணத் தவிர வேற எதுவும் சேர்க்கல. லேட்டாப் போட்டது, இப்பத்தான் பூக்குது. திங்கக்கிழமை நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன். உம்மா அன்னைக்கே கொண்டுவந்து குடுத்திருப்பாங்க."

ஒரு முடிச்சைக் கிள்ளிப் பிளந்தாள். ரத்தச் சிவப்பு. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பிழைத்துவிட்டது என்ற சந்தோஷம் ஒரு பக்கம். இரண்டு நாளும் நான் ஓடின ஓட்டம் எல்லாம் என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் என்கிற அவமானம் இன்னொரு பக்கம்.

"ஒண்ணு கேக்கட்டா மாமா? அந்த டேப்பப் பிச்சீங்களே. இசக்கி எங்கிட்ட சொல்லியிருப்பான்னு பயந்து பிச்சீங்களா?"

"இல்லே. அது எனக்குத் தோணவேயில்லே."

"அப்போ என் மூஞ்சியப் பாக்காம, வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டுப் போற மாதிரி இருந்திருந்தா?"

பொய் சொல்லி அலுத்துப்போயிருந்தது.

"ஒட்டினபடி குடுத்திருப்பேன்," என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். கோபமாகப் பேசியிருந்தால் எனக்குத் தெரிந்த பாஷை. பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு வேலையை ஆரம்பித்தாள். ஸ்பிரிட் பாட்டிலை எடுத்துக்கொடுக்க நான் கை நீட்டினேன். அதற்குள் அவளே எழுந்துபோய் எடுத்துக்கொண்டாள்.

அடுத்த திங்கட்கிழமை அவளுடைய உப்புத் தட்டில் வளர்ந்தது. என் தட்டுகளில் கடைசிவரை ஒன்றும் வரவில்லை. நான் பிய்த்தெடுத்த டேப்பின் கீழே இருந்தது நாற்பத்தொன்று இல்லை.

அவள் எட்டுக் குழாய்களில் பிரதி எடுத்தாள். பேனாவால் எழுதாமல், வைர ஊசியால் கண்ணாடியிலேயே கீறினாள். இரண்டைச் சேமிப்பு நிலையத்துக்கு அனுப்பினாள். இரண்டை அக்கரையில் பிராட்வேக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு சிநேகிதியின் கூடத்தில் கொடுத்துவிட்டு வந்தாள். மீதி நாலையும் ஒரு எவர்சில்வர் டப்பாவில் வைத்து, துணியால் கட்டினாள்.

"அது எங்க வெக்கப்போறே?" என்று கேட்டேன்.

"வீட்டு ஃப்ரிட்ஜுல, மாமா. உம்மாவோட மீன் குழம்புக்குப் பக்கத்துல," என்றாள். சொல்லும்போது லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தாள். நாளைக்குப் பார்க்கலாம் என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டு, டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு படி இறங்கினாள். கூடத்தின் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தேன். நான் கழுவித் துடைத்த தட்டுகள் நாலும் காலியாக இருந்தன.